ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் கேம் ஆடுகிறேன், நான் அடிமையாகிவிட்டேனா?

சேலத்தில் இருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 26. ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பா இல்லை, அம்மா காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். இவர் நான்கு வருடமாகச் சேலத்தில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் இருக்கிறார். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வரவேண்டிய பணத்துக்காக அங்கே உள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போட்டுப் பேசும் வேலை, அதனால் நைட் ஷிஃப்ட். அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மாடி வீட்டில், அதே கம்பெனியில் வேலை செய்யும், தன்னைவிட மூன்று வயது மூத்த பெண்ணோடு ஒன்றரை வருடமாகச் சேர்ந்து இருக்கிறார். 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார், நானும் அப்படியே எழுதுகிறேன். முதலில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட். போன வருடம் அக்கா, மற்றவர்கள் வேலையில் தப்பு இருக்கிறதா என்று சரிபார்க்கும் குவாலிட்டி டீமுக்கு மாறிப் பகல் வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் தகராறு. இவர் விடிகாலையில் வந்து, குளித்து, ஹாலில் உட்கார்ந்து இரண்டரை மூன்று மணி நேரம் கேம் ஆடுவார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிளே ஸ்டேஷன் இருக்கிறது, மொபைலில் பி.ஜி.எம்.ஐ. என்ற, குழுவாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம் இருக்கிறது. அதற்கு நாலு பேர் கொண்ட ஒரு ஸ்குவாட், அதில் இரண்டு பேர் இவருடைய டீம்காரர்கள். "நாலு மணிக்கு நீ சிரிக்கிற சத்தத்தில் முழிச்சா அப்புறம் எனக்குத் தூக்கமே வரலை" என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். கேமால் கரண்ட் பில் ஏறுகிறது, தண்ணீர் வரும் நாளில் தான் மட்டுமே எழுந்து மோட்டார் போட வேண்டியிருக்கிறது என்ற குறைகளும் உண்டு. இதற்கு நடுவில் நவம்பரில் இருந்து இவருடைய வேலையில் தப்புகள் கூடி, குவாலிட்டி ஸ்கோர் இறங்கிவிட்டது. ஜனவரி கடைசியில் டீம் லீடர் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி கேம் ஆடுறதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றாராம். அக்காதான் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று இவருக்கு நிச்சயம். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. விஷயம் அம்மா காதுக்குப் போய், "ரம்மி ஆடிக் கடன் வாங்கிட்டியா?" என்று அவர் போனிலேயே அழுதிருக்கிறார்.

கேள்விகள் நான்கு. நான் கேமுக்கு அடிமையா? அக்கா மேல் எச்.ஆரில் புகார் கொடுக்கலாமா? வாடகை ஒப்பந்தம் அக்கா பெயரில் மட்டும் இருக்கிறது, அவர் போகச் சொன்னால் அன்றைக்கே கிளம்ப வேண்டுமா, நான் கொடுத்த 20,000 ரூபாய் அட்வான்ஸ் போய்விடுமா? பேசாமல் பிளே ஸ்டேஷனை விற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

தோழி, கடைசிக் கேள்வியிலேயே ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. எல்லாப் பிரச்சினைக்கும் கேம்தான் காரணம் என்று அக்கா நினைக்கிறார், டீம் லீடர் நினைக்கிறார், அம்மா நினைக்கிறார். எல்லோரும் சொல்லிச் சொல்லி இப்போது நீங்களும் நினைக்க ஆரம்பித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தபோது எனக்குத் தெரிந்தது வேறு. பகல் வேலைக்காரர் ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஒன்பது மணி வரை டிவி பார்த்தால் யாரும் அவரை அடிமை என்று சொல்லப் போவதில்லை. உங்களுக்கு அந்தச் சாயங்காலம் விடிகாலை நாலு மணிக்கு வருகிறது. நாள் முழுக்கக் காதில் ஹெட்செட்டோடு, முகம் தெரியாத ஆட்களிடம் பணம் கேட்டுப் பேசிவிட்டு வருகிறவருக்கு, தன் இஷ்டத்துக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். அது நியாயமான ஆசை. ஆனால் உங்கள் சாயங்காலம் நடக்கும் அதே ஹாலுக்குப் பக்கத்து அறையில் இன்னொரு பெண்ணுக்கு நடுத்தூக்கம். இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது, இடம்தான் ஒன்று. இதை முதலில் ஒப்புக்கொண்டால் மீதி எல்லாவற்றையும் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கலாம்.

அடிமையா, இல்லையா

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்று ஒன்று இருக்கிறது. அதை மணிக்கணக்கு வைத்து முடிவு செய்வதில்லை. எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்பது கைமீறிப் போயிருக்க வேண்டும். சாப்பாடு, வேலை, உறவு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விளையாட்டு முன்னால் வந்து நிற்க வேண்டும். கண்ணெதிரே கெடுதல் நடந்தும் விட முடியாமல் தொடர வேண்டும். இது ஏதோ ஒரு மாதம் நடந்ததாக இல்லாமல், பொதுவாக ஒரு வருடமாவது நீடித்து, வாழ்க்கையை நன்றாகவே பாதித்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு பதில் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தேன், காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது, அம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன், சிக்னலும் சரியாக இல்லை, கேம் ஞாபகமே வரவில்லை என்கிறீர்கள். கைமீறிப் போனவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்றிருப்பார்கள், எரிச்சலில் அம்மாவிடம் சண்டை போட்டிருப்பார்கள், இரண்டாம் நாளே ஏதாவது சாக்குச் சொல்லி மலை இறங்கியிருப்பார்கள். நேரில் பார்க்காமல் யாருக்கும் நோய் உண்டு இல்லை என்று நான் சான்றிதழ் தர முடியாது, தரவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், பயப்பட வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லை.

அதே கடிதத்தில் என்னைக் கொஞ்சம் உறுத்திய இரண்டு விஷயமும் உண்டு. ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடாமல் பிஸ்கட்டோடு உட்கார்ந்துவிடுகிறீர்கள். அம்மாவின் போனை எடுப்பதைக் குறைத்துவிட்டீர்கள். இந்த இரண்டும் சோர்வால் வந்ததா, கேமால் வந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த இரண்டு வாரம் சாப்பிட்ட பிறகுதான் கேமைத் தொடுவது என்று வைத்துப் பாருங்கள். அது சுலபமாக நடந்தால் சரி. முடியவே இல்லை, கை தானாக அங்கேதான் போகிறது என்றால் ஒரு தடவை நேரில் யாரையாவது பார்த்துவிடுவது நல்லது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசினால் போதும் என்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அம்மாவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆன்லைன் ரம்மியில் பணம் போய், கடன் ஏறி, உயிரை விட்ட செய்திகளை இந்த மாநிலத்து அம்மாக்கள் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, போட்டிகளாக நடக்கும் இ-ஸ்போர்ட்ஸையும் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடும் கேம்களையும் வேறாகப் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் ஆடுவது பொழுதுபோக்கு வகை. மாதம் முந்நூறு ரூபாய்க்கு ஸ்கின், அதாவது கேமில் வரும் ஆளுக்கும் துப்பாக்கிக்கும் புது அலங்காரம், வாங்குவது சூதாட்டம் இல்லை. இதை போனில் விளக்கினால் அம்மாவுக்குப் புரியாது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது போனைத் திறந்து, என்ன ஆடுகிறீர்கள் என்று காட்டுங்கள், பேங்க் பேலன்ஸையும் காட்டுங்கள். கடன் இல்லை என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி வரும்.

நவம்பரில் என்ன மாறியது

தப்புகள் நவம்பரில் இருந்துதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கேம் நேரம் அப்போது கூடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாறியது எது? உங்கள் வேலையில் இருக்கும் நிறையப் பேர் என்னிடம் வருவதால் எனக்கு இது பழக்கமான கதை. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். அதனால் மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து இரண்டரைக்கு முடிந்த ஷிஃப்ட், ஆறரைக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடியும். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவர் நாலு மணிக்கு வருகிறீர்கள். முன்பு ஐந்தரைக்கு கேமை மூடிவிட்டு, இருட்டு இருக்கும்போதே படுத்தீர்கள். இப்போது அதே இரண்டரை மணி நேரம் ஆடி முடித்தால் ஆறரை. வெளிச்சம் வந்துவிடும். அக்கா எழுந்து குளிப்பார், குக்கர் விசில், பால்காரர், மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி வேறு. வெளிச்சம் கண்ணில் பட்ட பிறகு உடம்பு 'விடிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளும், தூக்கத்துக்கான சுரப்பு இறங்கிவிடும். ஏழு மணிக்குப் படுத்து பன்னிரண்டுக்கு எழுந்தால், அந்த ஐந்து மணி நேரமும் அரைகுறைத் தூக்கம்தான்.

இதோடு ஜனவரி. அங்கே பல இன்சூரன்ஸ் பாலிசிகள் ஜனவரி 1-இல் புதுசாகத் தொடங்கும். நோயாளி தன் கையில் இருந்து கட்ட வேண்டிய தொகை மறுபடி முதலில் இருந்து கணக்காகும், கம்பெனி மாறியவர்களின் கிளெய்ம் எல்லாம் திரும்பி வரும். வருடத்திலேயே தப்பு விழ வாய்ப்பு அதிகமான மாதத்தில், வருடத்திலேயே குறைவான தூக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் மறுபடி முன்னால் போகும், உங்களுக்கு ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். அதுவரை கேமை ஐந்தரைக்கு மூடிவிடுங்கள். ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சும், தெரிகிறது. லீவு நாளில் சேர்த்து ஆடுங்கள்.

இங்கே எந்த கேம் என்பதும் முக்கியம். பி.ஜி.எம்.ஐ.யில் கிளாசிக் மேட்ச் ஒன்று அரை மணி நேரம் வரை போகும், நடுவில் விட்டுப் போனால் ஸ்குவாட் திட்டும், கடைசி வட்டம் வரை போய்த் தோற்றால் 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று தோன்றும், நெஞ்சு படபடப்பு அடங்கவே அரை மணி ஆகும். அதில் பேச வேண்டும், கத்த வேண்டும், சிரிக்க வேண்டும். பிளே ஸ்டேஷனில் தனியாக ஆடும் கதை கேம்களை நினைத்த இடத்தில் நிறுத்தி, சேவ் செய்து, எழுந்துவிடலாம், வாயே திறக்க வேண்டாம். வேலை நாளில் இது, சனி ஞாயிறில் அது என்று பிரித்துவிட்டால் அக்காவின் புகாரில் பெரிய பங்கு அதோடு போய்விடும். ஹெட்செட் போட்டுத்தானே ஆடுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெட்செட் போட்டால் மற்றவர் சத்தம்தான் வெளியே வராது. உங்கள் சத்தம் கூடும், காது அடைத்திருப்பதால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று நமக்கே தெரியாது.

அக்காவின் மூன்று குறைகள்

தூக்கத்தைப் பற்றி அவர் சொல்வது முழுக்கச் சரி, அதில் வாதாட எதுவும் இல்லை.

கரண்ட் பில் விஷயத்தில் அவர் சொல்வது தப்பு, ஆனால் நீங்கள் சொல்வதும் சரியில்லை. பிளே ஸ்டேஷனும் டிவியும் சேர்ந்து தாராளமாக 200 வாட் என்று வைத்தாலும், தினமும் மூன்று மணி நேரத்துக்கு 0.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இது பெரிய தொகை இல்லை. போன கோடையில் பில் ஏன் எகிறியது தெரியுமா? பகலில் தூங்குவதற்காக நீங்கள் போட்ட ஏசி. சேலத்து ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ஆறு மணி நேரம் ஏசி ஓடினால் நாளுக்கு ஆறு யூனிட்டாவது ஆகும், இரண்டு மாதத்துக்கு முந்நூற்று அறுபது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடும்படிதான் நம் ஊர் மின்கட்டண அடுக்கு இருக்கிறது. பகலில் தூங்க உங்களுக்கு ஏசி வேண்டும், அது ஆடம்பரம் இல்லை. ஆனால் பாதிப் பாதி என்பது நியாயமில்லை. கோடை மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு நான் கட்டுகிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்பதற்கு முன்னால் சொன்னால் அதற்கு மதிப்பு தனி.

தண்ணீர் மோட்டார் விஷயத்தைக் கடிதத்தில் 'சின்ன விஷயம்' என்று எழுதியிருந்தீர்கள். வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் பெண்கள் என்னிடம் வந்து அழுவது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களுக்காகத்தான். கார்ப்பரேஷன் தண்ணீர் விடுகிற நாளில் ஒருத்தியே ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கிறாள் என்றால், அவள் மனதில் 'நான் இந்த வீட்டுக்கு வேலைக்காரி' என்ற எண்ணம் விழுந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் சிரிப்புச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும். விடிகாலையில் தண்ணீர் வருகிற நாளில் நீங்கள் எப்படியும் முழித்துத்தானே இருக்கிறீர்கள்? அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகம்

அக்காதான் சொன்னார் என்று எப்படித் தெரியும்? நீங்கள் எழுதியதில் அதற்கு ஓர் ஆதாரம்கூட இல்லை. ஸ்குவாடில் இரண்டு பேர் உங்கள் டீம் என்கிறீர்கள். ஜெயித்த மேட்சின் ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸில் வைப்பேன் என்கிறீர்கள், விடிகாலை ஆறு மணி ஸ்டேட்டஸ். டீம் லீடரின் நம்பர் உங்களிடம் இருக்கும்போது உங்கள் ஸ்டேட்டஸ் அவருக்கும் தெரியுமே? அக்கா சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். தெரியாத ஒன்றுக்காக வாரக்கணக்கில் ஒருத்தரிடம் பேசாமல் இருக்கிறீர்கள், அவருக்கோ தான் என்ன செய்தோம் என்றே தெரியாமல் இருக்கக்கூடும்.

எச்.ஆரில் புகார் வேண்டாம். வீட்டுச் சண்டையை அலுவலக மேஜை மேல் வைத்தால் அதைத் தீர்க்கிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை, இரண்டு பேர் பேரும் கெடுவதுதான் மிச்சம். செய்ய வேண்டியது வேறு. டீம் லீடருக்கு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். நவம்பரில் இருந்து என் ஆடிட்டில் விழுந்த தப்புகளின் பட்டியல் வேண்டும், எந்தத் தேதி, எந்த கிளையன்ட், ஷிஃப்டில் எத்தனை மணிக்கு என்ற விவரத்தோடு, திருத்திக்கொள்ள உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் குவிந்திருந்தால் தூக்கம்தான் காரணம். ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி சம்பந்தப்பட்டதாக இருந்தால் உங்களுக்கு டிரெயினிங் போதவில்லை. இந்தப் பட்டியல் கைக்கு வந்தாலே பேச்சு கேமில் இருந்து வேலைக்குத் திரும்பிவிடும், திரும்ப வேண்டும். வேலை நேரம் முடிந்து வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்பது டீம் லீடருக்குச் சம்பந்தம் இல்லாதது. வேலையில் என்ன குறை என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு, அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு உண்டு.

இன்னொன்று, அக்கா குவாலிட்டி டீமில் இருக்கிறார். நீங்கள் பேசும் போன் கால்களை அவர் ஆடிட் செய்கிறாரா என்று விசாரியுங்கள். செய்கிறார் என்றால், ஒரே வீட்டில் இருப்பதால் வேறு ஆடிட்டருக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். இது யார் மேலும் குற்றம் சொல்வது ஆகாது, அக்காவுக்கும் அது பாதுகாப்பு. முடிந்தால் அவரிடம் சொல்லிவிட்டே கேளுங்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒரு விஷயத்தில் நான் நின்றுவிட்டேன். கம்பெனி கேப் வண்டியில் ஒருவர், "ராத்திரி பூரா பசங்ககூட என்ன பேசுவீங்க, எங்ககூடயும் பேசுங்களேன்" என்று சொல்லிச் சிரித்ததாகவும், நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஒரு ஆண் விடிகாலையில் கேம் ஆடினால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கம்பெனி ஏற்பாடு செய்து தரும் வண்டியும் பணியிடம்தான். அலுவலகத்துக்கு வெளியே நடந்தது என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் இதற்கான உள்புகார் குழு இருந்தாக வேண்டும். ஒரே ஒரு தடவை நடந்த பேச்சை வைத்து இப்போதே புகார் எழுத வேண்டும் என்று நான் தள்ளவில்லை, அது உங்கள் முடிவு. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் யார் என்று மட்டும் இன்றைக்கே எழுதி வையுங்கள். மறுபடி நடந்தால் அந்த இடத்திலேயே "இப்படிப் பேசாதீங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள், அதையும் எழுதி வையுங்கள். புகார் கொடுக்கச் சம்பவம் நடந்து மூன்று மாத அவகாசம் உண்டு, தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்தில் இருந்து கணக்கு.

வீடும் அட்வான்ஸும்

இந்தப் பகுதியை எனக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒப்பந்தம் அக்கா பெயரில் மட்டும் இருப்பதால், ஓனரைப் பொறுத்தவரை வாடகைதாரர் அவர்தான். ஓனரிடம் நேரடியாக உரிமை கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் 20,000 ரூபாய் ஓனருக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள கணக்கு இல்லை, அக்காவுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள கணக்கு. ஜிபேயில் அனுப்பியிருக்கிறீர்கள். 'அட்வான்ஸ் பாதி அனுப்பிட்டேன் அக்கா' என்ற வாட்ஸ்அப் செய்தியும், அதற்கு அவர் போட்ட 'வந்துருச்சு'வும் இருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மாதாமாதம் வாடகை அனுப்பிய விவரத்தோடு சேர்த்து மெயிலில் போட்டு வையுங்கள். பணம் கொடுத்ததற்கு இதுவே சாட்சி. அன்றைக்கே கிளம்பு என்று சொன்னால் பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை. ஒரு மாத அவகாசம் கேளுங்கள், அட்வான்ஸை எப்போது தருவார் என்று எழுத்தில் வாங்குங்கள். சிக்கலானால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் பார்க்கலாம், 15100 எண்ணிலும் கேட்கலாம்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஓனரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. உங்கள் பெயர் சேராமல் இருப்பது அக்காவுக்கும் நல்லதல்ல, இதை அவரிடம் அப்படியே சொல்லலாம்.

இங்கேயே இருப்பதா, மாறுவதா? என் கருத்தைக் கேட்டால், ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் ஒருத்தர் பகல், ஒருத்தர் இரவு என்பது ரொம்ப நாள் ஓடாது. இரண்டு பேரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் ஓடாது. ஒப்பந்தம் முடியும் வரை நான் மேலே சொன்ன ஏற்பாடுகளோடு இருந்து பாருங்கள். அதற்குள் உங்கள் ஷிஃப்டிலேயே இருக்கும் பெண் யாராவது வீடு தேடுகிறாரா என்று காதில் போட்டு வையுங்கள். பகல் ஷிஃப்டுக்கு மாற்றக் கேட்பது இன்னொரு வழி. ஆனால் நைட் அலவன்ஸ் போய்விடும், வீட்டுக்கு அனுப்பும் தொகை குறையும், அம்மாவையும் கணக்கில் வைத்துத்தான் அதை யோசிக்க முடியும். கோபத்தில் ஹாஸ்டலுக்குப் போவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். நைட் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்குக் கேட் திறந்துவிடும் ஹாஸ்டல் கிடைப்பது கஷ்டம், மூன்று பேர் இருக்கும் அறையில் பகல் தூக்கம் அதைவிடக் கஷ்டம்.

அக்காவிடம் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் தூங்கி எழுந்திருக்கும் நேரம் அது ஒன்றுதான். டீம் லீடர் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். தூக்கம் கெட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள், ஐந்தரை மணி, பேசாத கேம், தண்ணீர் மோட்டார், ஏசி பில் என்று நீங்கள் செய்யப்போவதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, "டீம் லீடர் கேமைப் பத்திக் கேட்டார் அக்கா, நீங்க ஏதாவது சொன்னீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால், வீட்டு விஷயம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் நம்புங்கள்.

பிளே ஸ்டேஷனை விற்க வேண்டாம். வேலை நாளில் சத்தமில்லாமல் ஆட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை விற்றுவிட்டால் மிஞ்சுவது மொபைலும் ஸ்குவாடும், அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே.